அரை மணித்தியாலத்தாலை எடுங்கோ

சந்திரவதனா அக்கா மேல் எனக்கு முதலில் வந்தது மரியாதை இல்லை, எரிச்சல்தான். அதைச் சொல்லிவிட்டு ஆரம்பிப்பதுதான் யோக்கியம்.

லண்டனில், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் ஒரு நகைக்கடைக்கு மேலே, ஒருத்தர் இறங்கினால் இன்னொருத்தர் ஏற முடியாத படிக்கட்டில் ஏறிப் போனால், இரண்டு அறை கொண்ட ஒரு டிராவல்ஸ். காசி, ராமேஸ்வரம் என்று யாத்திரை டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தவர்கள், நாலு வருஷமாக நடைப்பயணமும் கூட்டிப் போகிறார்கள். துருக்கியில் கப்படோக்கியா என்று ஒரு இடம். எரிமலை கக்கிய சாம்பல் இறுகிப் பாறையாகி, மழையும் காற்றும் அதை அறுத்துப் பள்ளத்தாக்குகளாக்கி, அந்தப் பாறையைக் குடைந்து ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே ஜனங்கள் வீடு, தொழுவம், கோயில் எல்லாம் கட்டி வாழ்ந்திருக்கிறார்கள். கைடு முன்னே போக, ஆறு நாள் அதற்குள் நடக்க வேண்டும். என் வீட்டுக்காரர் குருமூர்த்தி ரிட்டயர் ஆன நாளிலிருந்து இதே ஜபமாக இருந்தார்.

பணத்தைக் கட்டினால் மட்டும், அந்த ஆபீஸில் இதைக் கவனிக்கிற அக்கா அனுப்பிவிட மாட்டார். மூன்று சனிக்கிழமை வான்ஸ்டெட் ஃப்ளாட்ஸ் மைதானத்தில் அவரோடு நடந்து காட்ட வேண்டும். முதல் சனிக்கிழமையே என் கால் ஷூவைப் பார்த்துவிட்டு, உங்கடை சப்பாத்து கலியாண வீட்டுக்குத்தான் சரி என்றார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. நானும் முப்பது வருஷமாக இந்த ஊரில் நடக்கிறவள்தான், எனக்கு நடக்கச் சொல்லித்தர ஒரு ஆள் வேண்டாம் என்று அடுத்த வாரம் போகவில்லை. மூர்த்தி மட்டும் மூன்று வாரமும் போனார், பாஸானார். சர்க்கரை வியாதிக்காரர், ஊசி போட்டுக்கொள்கிறவர், தனியாகப் போகக்கூடாது என்று நான் சண்டை போட்டேன். கேட்கவில்லை, கிளம்பிவிட்டார்.

அக்காவுக்கு ஐம்பத்தெட்டு வயது இருக்கும். சொந்த ஊர் கோப்பாய். தொண்ணூற்றெட்டில் அகதியாக இங்கே வந்தவர். ஹவுன்ஸ்லோவில் விமானத்துக்குச் சாப்பாடு கட்டும் கிச்சனில் பத்தொன்பது வருஷம் தட்டு அடுக்கியிருக்கிறார். பிறகு மனோர் பார்க்குக்குக் குடி வந்து, இந்த ஆபீஸில் சேர்ந்தார். கணவர் கணேசலிங்கம் பஸ் ஓட்டுகிறார். எத்தனையோ பேரைக் கப்படோக்கியாவுக்கு அனுப்பிய அக்கா ஒரு தடவைகூட அங்கே போனதில்லை. ஏன் என்று மூர்த்தி கேட்டிருக்கிறார். "குகைக்குள்ளை படுக்கிறதுக்குக் காசு குடுக்கிற விசர் எனக்கில்லை அண்ணை. நான் பங்கருக்குள்ளை சும்மா படுத்தனான்" என்றாராம். குண்டு விழுந்த காலத்துப் பதுங்குகுழியைச் சொல்கிறார்.

போகாவிட்டாலும் அந்த இடம் அவருக்கு மனப்பாடம். போய்த் திரும்பும் ஒவ்வொருவரையும் ஆபீஸுக்கு வரவழைத்து, டீ கொடுத்து, உட்கார வைத்துக் கேட்பார். இடப்பக்கம் என்ன, வலப்பக்கம் என்ன, எத்தனை நிமிஷம் நடந்தீர்கள், எங்கே பாதை பிரிந்தது. யாராவது அழகாயிருந்தது என்று ஆரம்பித்தால், வடிவை விடுங்கோ, மரம் எந்தப் பக்கம் நிண்டது எண்டு சொல்லுங்கோ என்று அதட்டுவார். எல்லாவற்றையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி கோடு போட்ட நோட்டுகளில், அவர் பேச்சில் கொப்பிகளில், நம்பர் போட்டு எழுதி வைப்பார். பாறைகளுக்கு அவரே பேர் வைத்திருந்தார். பல்லுப்போன கிழவன், மூண்டு குமரியள், பாதி அவிஞ்ச புட்டு. ஒவ்வொரு பேருக்கும் பக்கத்தில் கைடின் வரைபடத்தில் உள்ள நம்பர். அங்கே நடந்தே பார்க்காதவர் இங்கே உட்கார்ந்து பண்ணுகிற பைத்தியக்காரத்தனம் என்றுதான் நான் அப்போது நினைத்தேன்.

அக்டோபர் மாசம், ஒரு வெள்ளிக்கிழமை. நான் வீட்டிலிருந்தபடி வேலை செய்துகொண்டிருந்தேன். மத்தியானம் ஒன்று ஐம்பத்தைந்துக்கு, அந்தக் குழுவில் போயிருந்த ஹம்சினி என்கிற டாக்டர் பெண்ணிடமிருந்து மெசேஜ் வந்தது. ஆன்ட்டி, அங்கிள் உங்களோடு பேசினாரா, நாங்கள் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம் என்று இருந்தது. தேடிக்கொண்டிருக்கிறோமா? யாரை? மூர்த்தியின் போனுக்கு அடித்தேன். அணைந்திருந்தது. கோட்டைக்கூட மாட்டாமல் ஓடினேன்.

நான் படியேறிப் போகும்போது மணி இரண்டே கால். அக்கா மேசையில் இரண்டு போனை முன்னால் வைத்துக்கொண்டு, கொப்பியைத் திறந்துவைத்து உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். நான் அவரைப் பேசவிடவில்லை.

"என் புருஷனைக் காணோம். எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா உங்களுக்கு?"

"பிழைதான்" என்றார். "இருங்கோ கோதை."

நான் உட்காரவில்லை. வாயில் வந்ததெல்லாம் கொட்டினேன். பெற்ற பிள்ளையிடம்கூடச் சொல்லக் கூசுகிற வார்த்தைகள். தட்டு அடுக்கினவர்களிடம் ஒரு உயிரை ஒப்படைத்தது எங்கள் புத்தி கெட்டதனம் என்று வரைக்கும் போனேன். எழுதும்போது இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவர் பதிலுக்கு ஒரு சொல் சொல்லவில்லை. நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது, நடந்ததை வரிசையாகச் சொன்னார்.

குழு பள்ளத்தாக்கிலிருந்து ஏறிக் கிராமத்துக்குச் சாப்பிடப் போக இன்னும் கால் மணி நேரம் என்று கைடு எம்ரே சொல்லியிருக்கிறார். கால் மணிதானே என்று மூர்த்தி அங்கேயே ஊசியைப் போட்டுக்கொண்டார். பிறகு, பக்கத்தில் ஒரு குகைக்கோயில் தெரிகிறது, எட்டிப் பார்த்துவிட்டு ஓடி வந்துவிடலாம் என்று பாதையை விட்டு விலகினார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக மூன்று குகை பார்த்திருக்கிறார். மூன்றாவதில் தேய்ந்த படியில் கால் வழுக்கி விழுந்து கணுக்கால் முறிந்துவிட்டது. சாப்பாட்டு இடத்தில் ஒரு தம்பதி களைப்பாயிருக்கிறது என்று டாக்சி பிடித்து ஹோட்டலுக்குப் போக, மூர்த்தியும் அவர்களோடு போய்விட்டார் என்று எம்ரே தப்பாக நினைத்துவிட்டார். மூர்த்தி, டிராவல்ஸில் கொடுத்த கார்டில் இருந்த நம்பரைப் பார்த்து லண்டனுக்கு, இந்த மேசைக்குப் போன் பண்ணியிருக்கிறார். அப்போது இங்கே மணி ஒன்று இருபது. அங்கே நம்மைவிட இரண்டு மணி கூட. நாளெல்லாம் போட்டோ எடுத்துத் தீர்த்ததில் போனில் எட்டு சதவீதம்தான் மிச்சம். பேசவே தட்டுத்தடுமாறி ஒரு கோடு சிக்னல், இருக்கும் இடத்தை அனுப்ப டேட்டா கிடையாது. எந்த இடம் என்று கேட்டதற்கு, மூன்றாவது குகை என்பதற்கு மேல் அவருக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஊசி போட்டாயிற்று, சாப்பிடவில்லை. பையில் மூன்று மிட்டாய். இதைக் கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்தேன். சர்க்கரை இறங்கினால் அவருக்கு முதலில் நாக்கு குழறும், பிறகு தூக்கம் மாதிரி வரும், அந்தத் தூக்கத்திலிருந்து யாராவது எழுப்பினால்தான் உண்டு. அங்கே நாலு மணிக்கு மேல் ஆகிவிட்டது. ஆறு மணிக்குள் இருட்டிவிடும். அன்றைக்கு அவர்கள் நடந்த மூன்று பள்ளத்தாக்கிலும் சேர்த்து நூற்றுக்கணக்கான குகைகள். எம்ரேயும் இரண்டு கிராமத்து ஆட்களும் பேர் சொல்லிக் கூப்பிட்டபடி தேடுகிறார்கள், ஆனால் சத்தம் சுவரில் மோதித் திரும்பி எந்தப் பக்கம் என்றே தெரியாமல் அடிக்கிறதாம்.

"அவர் மறுபடி கூப்பிடலையா?" என்று கேட்டேன்.

"அதுதான் எனக்கு விளங்கேல்லை" என்றார் அக்கா. "கதைச்சு முடிய, போனை நிப்பாட்டி வையுங்கோ அண்ணை, சார்ஜ் போயிடும், அரை மணித்தியாலத்தாலை எடுங்கோ எண்டனான். ஓம் எண்டு சொன்னவர். ஒண்டு ஐம்பதுக்கு நான் போனைக் கையிலையே வைச்சிருந்தனான். அவர் எடுக்கேல்லை."

"எடுக்கலையா? நீங்க எத்தனை தடவை அடிச்சீங்க?"

"ரெண்டு மணிக்குப் பிறகு அடிச்சுப் பாத்தன், போன் நிண்டிருந்தது. ஒண்டு ஐம்பதுக்கு நான் ஏன் அடிக்கிறது? அவரைத்தானே எடுக்கச் சொன்னனான்."

இந்த ஊரில் யாழ்ப்பாணத்துக்காரர்களோடு இத்தனை வருஷம் பழகியிருக்கிறேன். அவர்கள் போன் எடுக்கிறேன் என்றால், கூப்பிடுகிறேன் என்று அர்த்தம். எங்களுக்கு எடுப்பது என்றால், அடிக்கிற போனை எடுத்து ஹலோ சொல்வது. அரை மணியில் எடுங்கள் என்றதை மூர்த்தி என்னவென்று கேட்டிருப்பார்? அரை மணியில் அடிப்பார்கள், நான் எடுக்க வேண்டும் என்று. ரயில்வேயில் சிக்னல் இன்ஜினியராக இருந்த மனுஷன். சிவப்பு எரிந்தால் விடிய விடிய நிற்பார், தானாக ஒரு அடி வைக்க மாட்டார். இருக்கிற கொஞ்சம் சார்ஜை அவசரப்பட்டுத் தொலைக்கக் கூடாது என்று வேறு நினைத்திருப்பார்.

"அக்கா, அவர் உங்க போனுக்காகக் காத்துட்டு இருக்கார்" என்றேன். "எங்களுக்கு எடுக்கறதுன்னா வர்ற போனை எடுக்கறது. நீங்க அடிப்பீங்கன்னு அவர் உட்கார்ந்திருக்கார். அவர் அடிப்பார்னு நீங்க உட்கார்ந்திருக்கீங்க."

அக்கா என்னையே பார்த்தார்.

"நான் என்ன சொல்லிப்போட்டன்" என்றார் மெதுவாக.

ஆங்கிலத்தில் பேசியிருக்கலாமே என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். சௌகரியமாக உட்கார்ந்து கேட்கலாம். கால் முறிந்து குகையில் கிடக்கிறவன் தமிழ்க் குரலைக் கேட்டால் தமிழில்தான் பேசுவான். கேட்கிறவளுக்கும் வாயில் வருவது வீட்டுப் பேச்சுதான்.

கணக்குப் போட்டேன். ஒன்று ஐம்பதுக்குப் போனைத் திறந்திருப்பார். ஐந்து நிமிஷம் காத்திருந்துவிட்டு அணைத்திருப்பார். மாத்திரை போடுவதிலிருந்து டீ குடிப்பது வரைக்கும் கடிகாரம் பார்த்துச் செய்கிறவர், அடுத்த அரை மணிக்குத்தான் மறுபடி திறப்பார். அதாவது இரண்டு இருபதுக்கு. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன், இரண்டு இருபத்தேழு. இரண்டு இருபதுக்கு நான் இதே அறையில் நின்று கத்திக்கொண்டிருந்தேன். இந்த மேசைமேல் இருந்த போனைத் தூக்கி அடித்திருந்தால் அப்போதே அவர் கிடைத்திருப்பார்.

இனி இரண்டு ஐம்பது. மெசேஜ் ஒன்று அனுப்பினோம், போய்ச் சேர்ந்த அடையாளம் வரவில்லை. இருபத்து மூன்று நிமிஷம் இருந்தது. அக்கா ஒரு வெள்ளைத்தாளை இழுத்து என் முன்னால் வைத்தார். நான் கேக்கப்போறதைச் சொல்லுறன், உங்கடை ஆக்கள் சொல்லுறமாதிரி எழுதித் தாங்கோ என்றார். நானே பேசுகிறேன் என்றேன். என் புருஷன், என் பாஷை, நான் பேசினால் புரியும்.

"ஏலாது" என்றார். "நீங்கள் கதைச்சால் அழுவியள். அவரும் அழுவார். போனிலை ஒரு நிமிசம் கூட இராது. எனக்கு அந்த நிமிசம் வேணும்."

அறையலாம் போல இருந்தது. ஆனால் கொப்பி அவர் மண்டைக்குள் இருந்தது, என் மண்டைக்குள் இல்லை. அதனால் எழுதினேன். அவர் ஆறுதலா என்றால் நான் மெதுவா என்று எழுதினேன். கெதியா என்றால் சீக்கிரம். விளங்குதா என்றால் புரியுதா. துவாய் என்றார், நான் துண்டு என்று எழுதினேன். மூர்த்தி கழுத்தில் எப்போதும் ஒரு வெள்ளைத் துண்டு இருக்கும். பரீட்சைக்குப் போகிற பிள்ளை மாதிரி அக்கா அந்தத் தாளை வாய்க்குள் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தார். இரண்டு ஐம்பதாக ஒரு நிமிஷம் இருக்கும்போது ஏழாம் நம்பர் கொப்பியைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார்.

இரண்டு ஐம்பதுக்கு அடித்தார். அணைந்திருக்கிறது என்று ஒரு பெண் குரல் துருக்கி பாஷையில் சொன்னது. உடனே மறுபடி அடித்தார். மணி போனது. ஒரு தடவை, இரண்டு தடவை, எடுத்துவிட்டார்.

"அண்ணை, சந்திரவதனா. கேக்கறதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வாசலுக்கு நேரா என்ன தெரியுது?"

எனக்கு அந்தப் பக்கத்துக் குரல் கேட்கவில்லை. அக்கா பதிலைத் திருப்பிச் சொல்ல, நான் எழுதினேன். மூணு மரம், உயரமா. பாதி இடிஞ்ச மண்டபம். புறா ஓட்டைக்குச் சுத்தி வெள்ளை அடிச்சிருக்கு. வெயில் முகத்திலயா முதுகிலயா என்று கேட்டார். என்ன என்று மறுபடி கேட்டார். இன்னொரு தடவை கேட்டார். அவருக்கு நாக்கு குழற ஆரம்பித்துவிட்டது என்று எனக்குத் தெரிந்துபோயிற்று. நான் போனுக்குக் கை நீட்டினேன். அக்கா திரும்பிப் பாராமலே முழங்கையால் என் கையை மேசையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார். மறு கையால் கொப்பியைப் புரட்டினார். நான் நகத்தால் அவர் கையைக் கீறியிருக்கிறேன், அதுகூட எனக்குப் பிறகுதான் தெரியும்.

"துண்டை வாசல்ல தூக்கிப் போடுங்க. வெளில. தெரியற மாதிரி. தூங்கக்கூடாது. அண்ணை, தூங்கக்கூடாது. புரியுதா?"

அவ்வளவுதான். போன் செத்துவிட்டது.

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நான் பேசியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால், கடைசியாக அவர் கேட்ட குரல் உங்களுடையதாக இருக்கும் என்றேன். அக்கா காதிலேயே வாங்கவில்லை. மற்றப் போனில் எம்ரேயைப் பிடித்துவிட்டார். போன வருஷம் போய்வந்த பிரசாந்தினி என்கிற பெண் சொல்லி எழுதிய பக்கம் அது. மூன்று நெட்டை மரம், இடிந்த மண்டபம், வெள்ளை அடித்த புறாக்கூடு, மூன்றும் ஒரே இடத்திலிருந்து தெரிவது பல்லுப்போன கிழவனுக்குக் கீழே, இரண்டாவது பிரிவில், கிழக்குச் சுவரில். நம்பர் முப்பத்தொன்று, முப்பத்தொன்று என்று ஆங்கிலத்தில் நாலு தடவை சொன்னார். எம்ரே தேடிக்கொண்டிருந்தது பக்கத்துப் பள்ளத்தாக்கை. சுற்றி வர அரை மணியாவது ஆகும் என்றாராம்.

அந்த அரை மணியை நான் எப்படிக் கழித்தேன் என்று கேட்காதீர்கள். கீழே பஸ் போகிற சத்தம், நகைக்கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம் எல்லாம் கேட்டது. அக்கா எனக்கு டீ போட்டுத் தந்தார், நான் குடிக்கவில்லை. அவர் எம்ரேக்கு அடிக்கவும் இல்லை. ஓடுகிறவனைப் போனில் பிடித்து நிறுத்தக்கூடாது என்றார். எனக்கு அவரைப் பிடிக்கவில்லை. என் ஒரு நிமிஷத்தைப் பிடுங்கிக்கொண்டவர் என்று அந்த நேரம் முழுக்க மனசுக்குள் திட்டிக்கொண்டே இருந்தேன். அவரோ கொப்பியை மூடவே இல்லை, அந்தப் பக்கத்தின் மேலேயே கையை வைத்துக்கொண்டிருந்தார். மூன்றே கால் ஆயிற்று, மூன்றரை ஆயிற்று.

மூன்று நாற்பத்தொன்றுக்குப் போன் அடித்தது. துண்டு தெரிகிறது என்றார் எம்ரே. அதற்கப்புறம் கல் உருளும் சத்தமும் மூச்சு வாங்கும் சத்தமும்தான். பிறகு யாரோ பேர் சொல்லிக் கத்தினார்கள். அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்து, இருக்கிறார், கண் முழிச்சிருக்கிறார், வாயில் ஜூஸ் விடுகினம் என்று சொல்லிவிட்டு, போனை என் கையில் கொடுத்தார்.

மூர்த்தியோடு பேசக் கிடைக்க இன்னும் பத்து நிமிஷம் ஆயிற்று. ரொட்டி தின்கிறேன் என்றார், குரல் குழந்தைக் குரல் மாதிரி இருந்தது. அந்த அம்மா எடுக்கச் சொன்னாங்க, போன் அடிக்கவே இல்லை, ஆனாலும் நான் விடாமல் திறந்து திறந்து பார்த்தேன் என்றார். அவங்களைத் திட்டிடாதே கோதை என்றார். சரி என்றேன். கம்பளியில் வைத்துத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்குப் போகிறோம், ஆம்புலன்ஸ் நிற்கிறது என்று எம்ரே போனை வாங்கிச் சொன்னார்.

போனை வைத்துவிட்டுப் பார்த்தேன். அக்கா தன் கையிலிருந்த கீறலைத் தண்ணீர் தொட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். என்ரை ஒரு சொல்லாலை ஒரு மனுசன் சாகப் பாத்திட்டார் என்றார். இனி இந்தக் கதிரையில் இருக்கத் தனக்கு யோக்கியதை இல்லை, முதலாளி விஜயரத்தினத்திடம் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விடுவேன் என்றார். அவர் அழுதிருந்தால்கூட நான் தாங்கியிருப்பேன், கணக்குச் சொல்கிற மாதிரி சொன்னார்.

அதற்கு மேல் என்னால் மறைத்துவைக்க முடியவில்லை. இவ்வளவு நேரம் நான் ஏன் அப்படிக் கத்தினேன் என்பது எனக்குத் தெரியும்.

"உங்க சொல்லு இல்ல அக்கா" என்றேன். "ஏர்போர்ட்டுக்குக் கிளம்பறப்ப வாசல்ல நின்னு, சொல்றதைக் கேக்கறதில்லைன்னா எங்கயாவது போய்த் தொலைங்கன்னு சொன்னேன். அதுக்கப்புறம் அஞ்சு நாளா அவரோட நான் பேசல."

அக்கா துடைப்பதை நிறுத்தினார்.

"தெரியும்" என்றார். "முதல் போனிலையே சொன்னவர். வீட்டிலை சொல்லிப்போடாதேங்கோ, நான் கிடைச்சாப் பிறகு சொல்லுங்கோ, அவ வாசல்லை ஒரு சொல்லுச் சொன்னவ, நான் உண்மையாத் தொலைஞ்சிட்டன் எண்டு தெரிஞ்சால் அவவாலை அந்தச் சொல்லோடை இருக்கேலாது எண்டவர். அதுதான் நான் உங்களுக்குச் சொல்லேல்லை."

நான் அத்தனை கத்தியும், பிழைதான் என்று ஒரு சொல்லோடு நின்றாரே, அது இதற்காகத்தான். மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு வாய் விட்டு அழுதேன். அக்கா எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, என் பக்கத்தில் உட்கார்ந்தார்.